நாற்பது நாள் பழுப்பு

1979 ஜூலை 9, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பல்பொடியில் பல் தேய்த்தேன். சொந்தப் பற்களை முதலில், மற்ற இரண்டைக் கையில் எடுத்து அதன் பிறகு. அரை டம்ளர் காப்பி. குத்துக்கல்வலசையிலிருந்து சைக்கிளில் தென்காசி. கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே ஒரு கடையில் சைக்கிளை விட்டுவிட்டு, ஐந்து ஐம்பது பஸ்ஸில் குற்றாலம். சாரல் இருந்தது. மெயின் அருவியில் தண்ணீர் 'நல்லது'. என் டைரியில் தண்ணீருக்கு ஐந்து தரம் உண்டு: இல்லை, நூல், சுமார், நல்லது, போலீஸ் விடாது.

ஆறு பதினேழுக்கு அருவிக்குள் நுழைந்தேன். பக்கத்தில் ஒரு பருமனான மனிதர் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். நான் மனசுக்குள் இருநூற்று நாற்பது எண்ணி முடித்தும் அவர் நகரவில்லை. வெளியே அத்தனை பேர் காத்து நிற்கிறார்கள். உலகத்தில் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லலாம் என்று அண்ணாந்தபடி வாயைத் திறந்தேன்.

"சார், கொஞ்சம்..."

அருவி உள்ளே வந்தது. என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும், அவை பதிந்திருந்த தட்டும் வெளியே போயின.

"என்ன சார் சொன்னீங்க?" என்றார் பருமனான மனிதர்.

ஒன்றுமில்லை என்று வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினேன். அவர் இன்னும் நெடுநேரம் குளித்தார்.

அந்த இரண்டு பற்களை 1974-ல் சுரண்டைச் சாலையில் இழந்திருந்தேன். ஒரு ஆட்டுக்கு முறைப்படி மணியடித்து வழி கேட்டேன்; ஆட்டுக்கு முறை தெரியவில்லை. திருநெல்வேலியில் தட்டு கட்டிக்கொண்டேன். என் மனைவி செண்பகத்தைத் தவிர அது பொய்ப்பல் என்று ஒருவருக்கும் தெரியாது என்பது என் ஐந்து வருட நம்பிக்கை. முக்கியமான நாட்களில் டைரியின் கடைசி வரியாக 'யாரும் கவனிக்கவில்லை' என்று எழுதுவதும் வழக்கம்.

அருவித் தண்ணீர் கீழே ஓடும் இடத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"பல்லா அண்ணாச்சி?"

தலையாட்டினேன்.

"சீசன்ல வாரத்துக்கு ரெண்டாவது போகும். நீங்க இங்கன தேடாதீங்க, பாறைல வழுக்கிவிட்டா இருக்குறதும் போயிரும். தென்காசில டாக்டரம்மா இருக்காகல்லா, அங்க போயிப் பாருங்க. எங்க கைல கிடைக்குறது எல்லாத்தையும் அங்கனதான் கொண்டு குடுப்போம்."

இப்படித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. டாக்டரம்மா என்றால் அவர்தான். செங்கோட்டைக்காரர். திருவனந்தபுரத்தில் பல் வைத்தியம் படித்தவர். அப்போது நாற்பது வயதிருக்கும், என்னைவிட ஒன்று குறைவு. தனியாள். ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் மாடியில் ஆஸ்பத்திரி. முன்னறையில் நாற்காலி, பின்னறையில் தட்டுகளைத் தானே வார்த்து, வேகவைத்து, தேய்க்கும் பட்டறை. மலையாளம் கலந்த பேச்சு. ஈறை 'மோண' என்பார். எல்லாரையும் 'சாரே' என்பார். பேசும்போது உதடுகள் அதிகம் பிரியாது.

நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு எனாமல் தட்டை எடுத்து வைத்தார். அதில் தண்ணீருக்குள் ஏழு பல் செட்டுகள் கிடந்தன. எல்லாமே கண்ணைப் பறிக்கும் ரோஸ்.

"இதுல உங்களோடது இருக்கா சாரே?"

"இல்லை."

"எல்லாம் ஒரே ரோஸு, பாத்தீங்களா? தட்டு வார்க்கிற இந்தப் பொடி சீமைக்காரங்க மோணைக்குன்னு உண்டாக்கினது. இந்த ஏழு பேர்ல ஒருத்தர் மோணையாவது இந்தக் கலர்ல இருக்குமா? வாயத் திறங்க."

திறந்தேன். அவர் என் பற்களைப் பார்க்கவே இல்லை. உதட்டை விரலால் தூக்கி, ஈறை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், அன்புள்ளவர்களின் கடிதத்தைப் படிப்பதுபோல, அவசரமில்லாமல் பார்த்தார்.

"நல்ல பழுப்பு. நடுவுல மட்டும் சிவந்து கிடக்கு. அஞ்சு வருஷமா ஓயாம தட்டு போட்டீங்களா? கழட்டி வைக்கதே இல்லையோ?"

"யாராவது பார்த்துவிட்டால்..."

"மோணைக்கும் காத்து வேணும் சாரே. பல்லு நான் குடுக்கது. மோண நீங்க கொண்டு வந்தது. நான் குடுக்கது, நீங்க கொண்டு வந்தத கெடுக்கக் கூடாது."

பிறகு ஒரு விஷயம் சொன்னார். நம் ஊர் ஈறுக்குப் பொருந்துகிற மாதிரி, ரோஸ் பொடியில் பழுப்புச் சாயம் கலந்து ஒரு பொடி தயாரித்திருக்கிறார். அதில் தட்டு செய்தால் எது சொந்த ஈறு, எது தட்டு என்று பக்கத்தில் நின்றாலும் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது.

"எனக்கு அதுதான் வேண்டும்."

"வேணும்னா நாளாகும். இன்னைக்குப் பதினொண்ணாம் நாளுதான் ஆகுது. நாப்பது நாளு கழியணும்."

"எதற்குப் பதினொன்று?"

அவர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கீழ்வரிசையில் அவருக்கே ஒரு பல் கிடையாது. அந்த இடத்தில் போடும் சின்னத் தட்டை இந்தப் புதுப் பழுப்பில் செய்து, பதினொரு நாளாகத் தன் வாயில் வைத்திருந்தார்.

"சாயம் ஊறி வெளிய வருதா, மோண சிவக்குதா, வெளுக்குதான்னு பாக்கணும். நாப்பது நாளு என் மோணையில இருந்துட்டுதான் சாரே, உங்க மோணைக்கு வரும்."

அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். தன் ஈறில் வைத்துப் பார்க்காத எதையும் அவர் இன்னொருவர் வாயில் வைக்கமாட்டார். அச்செடுக்கும் மெழுகு, கம்பி, சிமெண்டு, பொடி, எல்லாம் முதலில் அவருக்கு. இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒருமுறை அதைத் திறந்து பார்க்க வாய்த்தது. 'நாள் 3: லேசான அரிப்பு. நாள் 9: நிறம் மாறவில்லை. நாள் 17: நாக்கு சும்மா சும்மா அங்கேயே போகிறது, ஓரம் சொரசொரப்பு, தேய்க்கவேண்டும்.' பதினெட்டு வருடமாக டைரி எழுதுகிறவன் நான். அன்றுதான் என் டைரியில் இருப்பதெல்லாம் பஸ் நேரம் என்பது உறைத்தது.

வருகிறவர்கள் பல் தேய்க்கும் பொடியையும் விடமாட்டார். கொண்டுவரச் சொல்லி, அவர்கள் எதிரிலேயே தன் ஈறில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்லுவார். உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல், எல்லாம் பார்த்திருக்கிறார். புளியறை செக்போஸ்டிலிருந்து ஒரு லாரி டிரைவர் புகையிலைத் தூளைக் கொண்டுவந்தார். ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்த இரண்டு நிமிடத்தில் டாக்டரம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. நோயாளி நாற்காலியில் அவரைப் படுக்கவைத்து, டிரைவர் பக்கத்தில் நின்று துண்டால் விசிறினார்.

"என்னம்மா, நான் இருவது வருசமா வைக்கேன், ஒண்ணும் செய்யல. உங்களுக்கு ஒரு வாட்டிக்கே இப்படியா?"

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னாராம்: "உங்க மோண செத்துப்போச்சு சாரே. அதான் உங்களுக்குத் தெரியல."

மனிதர்களை அவர் முகத்தால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊத வாயைத் திறந்தபோது, "பீடி நிறுத்தியாச்சு போலயே" என்று கேட்டு அவரைத் திகைக்கவைத்ததை நானே பார்த்தேன். துட்டி கேட்கப் போன ஒரு சாவு வீட்டில் எதிரே ஒரு அம்மாள் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கும்போது, என் மனைவியின் காதில், "கீழ்வரிசைல ரத்தம் கசியுது. பதினாறு கழிஞ்சதும் வரச் சொல்லுங்க" என்றாராம். செண்பகம் அதை என்னிடம் சொல்லிவிட்டு, "எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நல்லவேள, முந்தானைய வாயில வச்சிருந்தேன்" என்றாள்.

1986 சீசனில் நடந்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் குற்றாலத்துக்கு வந்த இடத்தில் கல் கடித்துப் பல் வலி என்று அவரிடம் போனார். அவருடைய முன்பற்களில் ஒன்று தட்டில் இல்லை, கம்பியில் இல்லை. தாடை எலும்பிலேயே டைட்டானியம் என்ற உலோகத்தால் ஒரு திருகை இறக்கி, அதன் மேல் பல்லைப் பொருத்தியிருந்தார்கள். டாக்டரம்மா புத்தகத்தில் படித்திருந்தாரே தவிர, கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. வலிக்கிற பல்லை விட்டுவிட்டு இந்தப் பல்லைச் சுற்றி அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் தொடர்ந்து அவரை வரச்சொன்னார். என்னைத் தெருவில் பார்த்ததும் நிறுத்திச் சொன்னார்.

"ரத்தம் வரல சாரே. வீக்கம் இல்ல. மோண அந்த உலோகத்தோட சண்டையே போடல. கட்டிப்பிடிச்சிட்டு நிக்குது. ஒண்ணே ஒண்ணு, அவருக்கு மோண மெலிசு. உள்ள இருக்க உலோகம் சாம்பலா நிழலடிக்குது. பக்கத்துப் பல்லுக்கு மேல செவப்பு, இதுக்கு மேல மட்டும் மேகம்."

"எனக்கு அதைப் போட முடியுமா?" என்றேன். அருவியில் போகாத பல் என்றதும் என் புத்தி அங்கேதான் போயிற்று.

அவர் முகம் சுருங்கியது. "எனக்கு எப்படிப் போட்டுப் பாக்கதுன்னுதான் மூணு நாளா யோசிக்கேன். என் தாடைல நானே எப்படித் துளைபோட?"

அவர் முதலில் தன் வாயில் வைத்துப் பார்க்க முடியாத பொருள் உலகத்துக்கு வந்துவிட்டது என்பதில் அவருக்கிருந்த துக்கம் எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் தெரிந்தது.

மறுபடியும் 1979. எனக்கு அவசரம் இருந்தது. ஜூலை 28, 29 இரண்டு மாலையும் குற்றாலத்தில் சீசன் விழா. ஆறு வருடமாக அதில் மேடை அறிவிப்பாளர் நான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் என் குரலுக்கு வேலை கிடையாது. எழுதியதையே எழுதுவதும், கட்டிய கட்டுக்கு முத்திரை வைப்பதும்தான் வேலை. வருடத்தில் இரண்டே மாலை, அருவிச் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்கும். வெளியூர்க்காரர்கள் "யாருய்யா அது, நல்லாப் பேசுதாரே" என்பார்கள். அந்த மைக்கின் மேல் சுரண்டைத் தமிழாசிரியர் ஒருவருக்கு மூன்று வருடமாகக் கண். அவருக்குச் சொந்தப் பல் முப்பத்திரண்டும் இருந்தன.

பழுப்புக்கு நாற்பதாம் நாள் ஆகஸ்ட் 7. கெஞ்சிப் பார்த்தேன்.

"முப்பது நாளில் ஒன்றும் ஆகவில்லை என்றால், நாற்பதில் என்ன ஆகிவிடப் போகிறது டாக்டர்?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு வாயில வச்சிட்டு இருக்கேன்?" என்றார். "ரோஸு தாரேன். அது நான் எத்தனையோ வருஷமாப் பாத்தது, மோணைக்குக் கெடுதல் இல்ல. அத வச்சு விழாவ முடிங்க. அப்புறம் வாங்க."

ஒன்பது நாள் பல்வலி என்று வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு அலுவலகம் போனேன். ஜூலை 18-ல் ரோஸ் தட்டு தயார். பொருத்திவிட்டுக் கைக்கண்ணாடியைக் கொடுத்தார்.

"சிரிங்க. இன்னும். உதட்ட நல்லாத் தூக்கிச் சிரிங்க. என்ன தெரியுது?"

"பல்."

"பல்லுக்கு மேல."

பார்த்தேன். இரண்டு பக்கமும் என் சொந்த ஈறு, பலாக்கொட்டையின் உள்தோல் நிறத்தில். நடுவில் இரண்டு பல் அகலத்துக்கு, பிளாஸ்டிக் வாளிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ரோஸ்.

"பழைய தட்டும் இப்படியா இருந்தது?"

"இதவிட ரோஸு. கோயில்ல உங்களப் பாத்திருக்கேனே."

வீட்டுக்கு வந்து செண்பகத்தைக் கூப்பிட்டேன்.

"என்னுடையது பொய்ப்பல் என்று வெளியில் யாருக்காவது தெரியுமா?"

"யாருக்குத் தெரியாது?"

"என்ன சொல்கிறாய்?"

"நீங்க ரெண்டு கலர்லல்லா சிரிப்பீங்க? பால்காரரு கூட கேட்டாரு, சாருக்கு அங்கன என்ன பெயிண்டுன்னு."

"ஐந்து வருடமாக ஏன் சொல்லவில்லை?"

"யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் உங்ககிட்டயும் சொல்லல."

டைரிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 'யாரும் கவனிக்கவில்லை' முப்பத்தோரு இடத்தில் இருந்தது.

அடுத்த ஒரு வாரம் நான் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். கண்ணாடி முன்னால் உதட்டைத் தூக்காமல் 'பெருமதிப்பிற்குரிய' என்று சொல்லிப் பழகினேன். யாரையோ மிரட்டுவதுபோல் இருந்தது. மேடையில் முகத்துக்கு நேரே விளக்கு வைப்பார்கள். முன்வரிசையில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு மாலையாவது என்னை யாரும் இரண்டு நிறத்தில் பார்க்கக் கூடாது.

ஜூலை 25, புதன்கிழமை, பகல் பன்னிரண்டே காலுக்கு அலுவலகத்தில் ஒரு உறைக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தியில் காட்டிய அரக்கு உருகிச் சொட்டி, இறுகி, பளபளவென்று நின்றது. பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். முத்திரையை எடுக்கவே மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஈறு அங்கே உறையின் மேல் இருந்தது.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கினேன். அரக்கைப் பொடித்து அதில் ஊறவைத்தேன். முத்திரையைத் துடைக்கும் பழைய தூரிகையைக் கழுவி, ரோஸ் தட்டின் ஈறுப் பகுதியில் மட்டும், பல்லில் படாமல் பூசினேன். வியாழன் மாலை ஒரு பூச்சு, வெள்ளி காலை ஒன்று (அன்று அலுவலகத்தில் மறுபடியும் கைக்குட்டை), வெள்ளி மாலை ஒன்று. ஒவ்வொன்றும் காய்ந்த நேரத்தைக் குறித்திருக்கிறேன். இதை எந்த வாயில் வைத்துப் பார்ப்பது என்ற கேள்வி எங்கும் குறிக்கப்படவில்லை.

சனிக்கிழமை காலை போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அற்புதம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. எது நான், எது தட்டு என்று எனக்கே தெரியவில்லை. ஈறில் எரிச்சல் இருந்தது. 'பச்சை மிளகாய் அளவு' என்று எழுதினேன். பதினொரு மணிக்கு 'காந்தாரி மிளகாய் அளவு'. ஒரு மணிக்கு எரிச்சல் நின்று, அந்த இடமே இல்லாததுபோல் ஆயிற்று. சரியாகிவிட்டது என்று எழுதினேன்.

"என்னங்க, உங்க வாயில தபால் ஆபீஸ் வாசன அடிக்குது?" என்றாள் செண்பகம்.

மாலை ஆறரைக்கு விழா தொடங்கியது. தூறலையும் பொருட்படுத்தாமல் நல்ல கூட்டம். மூன்றாவது வரிசையில் டாக்டரம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடவுள் வாழ்த்து, வரவேற்பு, மாலை மரியாதை என்று நான்கு அறிவிப்புகள் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தேன். ஐந்து வருடத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தேன். தேவையில்லாத இடத்தில், 'குடைகளைச் சற்றே மடக்கிக்கொள்ளுங்கள்' என்பதற்குக்கூடச் சிரித்தேன்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று யாரோ மேடைக்குப் பின்னால் சுக்குக் காப்பி கொண்டுவந்தார்கள். நல்ல சூடு. மடமடவென்று குடித்துவிட்டு, உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டு மைக்கின் முன் போய் நின்றேன். தலைமை விருந்தினரைப் பேச அழைக்கவேண்டும்.

அரக்கு சூட்டில் இளகும் என்பது முத்திரை வைக்கிறவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. காலையிலிருந்து மாலை வரை அதை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"அடுத்த..." என்றேன். கீழ்வாய் திறந்தது. மேலுதடு வரவில்லை, தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாகத் திறந்தேன். உதட்டோடு தட்டும் இறங்கியது. இரண்டு பற்கள் வாய்க்கு வெளியே எட்டிப்பார்த்தபடி நிற்க, மைக்கில் "ம்ஹ்ப்" என்ற சத்தம் குற்றாலம் முழுக்கக் கேட்டது. முதலில் கூட்டத்துக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முன்வரிசையில் பெரிய அதிகாரி ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

சுரண்டை ஆசிரியர் பூவை எடுப்பதுபோல் மைக்கை என் கையிலிருந்து எடுத்தார்.

"நம் அறிவிப்பாளர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்" என்றார் முப்பத்திரண்டு பல்லும் தெரிய. பலத்த கைதட்டல்.

மேடைக்குப் பின்னால், ஓலைத் தட்டியின் மறைவில் போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா வந்தார்.  டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி, கைக்குட்டையை நனைத்து உதட்டின் மேல் வைத்து, அரக்கு இளகியதும் விரலை உள்ளே விட்டு ஒரு ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்து எடுத்தார். தட்டை விளக்கில் காட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"சீல் வைக்க அரக்கா?"

"ஆமாம்."

"எத்தன பூச்சு?"

"மூன்று."

"எதுல கரைச்சீங்க?"

"ஸ்பிரிட்டில். ஒவ்வொரு பூச்சுக்கும் குறைந்தது பத்து மணி நேரம் காயவிட்டேன்." இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

"கலர் பிரமாதமா எடுத்திருக்கீங்க" என்றார். பரிகாசம் இல்லை, உண்மையாகவே பாராட்டினார். "வாயத் திறங்க."

வெகுநேரம் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"தோலு உரிஞ்சு வெள்ளையாக் கிடக்கு. எப்படி எரிஞ்சது? சொல்லுங்க."

"முதலில் மிளகாய். பிறகு காந்தாரி. பிறகு ஒன்றுமே இல்லை."

"அந்த ஒண்ணுமே இல்லைங்கறதுதான் மோசம்."

 பிறகு தட்டின் ஓரத்திலிருந்து நகத்தால் அரக்கில் ஒரு சின்னச் செதிலைப் பெயர்த்தார். தன் கீழுதட்டை இழுத்து, அந்தச் செதிலை ஈறின் மேல் வைத்து, உதட்டை மூடிக்கொண்டார்.

"டாக்டர்! என்ன செய்கிறீர்கள்? துப்புங்கள்!"

"எந்த அளவுக்கு எரியுதுன்னு தெரியாம நான் எப்படி மருந்து குடுக்க? பத்து நிமிஷம். சும்மா இருங்க சாரே."

அவர் உதட்டை இழுத்த அந்த ஒரு கணத்தில்தான் அவருடைய வாயின் உட்புறத்தை நான் முதல்முதலாகப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட குடைத்துணி மாதிரி இருந்தது. ஓரிடம் வெளுப்பு, ஓரிடம் கருப்பு, ஓரிடத்தில் ஈறு பின்வாங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிந்தது. ஊரில் எத்தனை பேர் வலியில்லாமல் சாப்பிடுகிறார்களோ அத்தனையும் அங்கே கணக்காக இருந்தது. நான் கேட்ட பழுப்புத் தட்டு முப்பதாவது நாளாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது.

பத்து நிமிடத்தையும் என் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் சுரண்டை ஆசிரியர் அடுத்தடுத்து அறிவித்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார். டாக்டரம்மாவின் கண்ணில் நீர் வந்தது. செதிலைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.

"கொடும சாரே. இத நாளு முழுக்க வச்சிட்டா சிரிச்சீங்க?"

"ஆமாம்."

"பதினஞ்சு நாளைக்கு வாயில எதுவும் வைக்கக் கூடாது. உப்புத்தண்ணி, அப்புறம் நான் குடுக்க மருந்து."

"நாளைக்கு விழாவின் கடைசி நாள். நான்தான் அறிவிக்க வேண்டும்."

"அறிவிங்க."

"இந்த வாயோடா? சிரிப்பார்கள்."

"இன்னைக்கே சிரிச்சாச்சே" என்றார். "மிச்சம் என்ன இருக்கு?"

அந்தப் பழுப்பு தேறவில்லை. முப்பத்து நான்காம் நாள் அவர் ஈறில் கொப்புளம் கிளம்பி, மொத்தப் பொடியையும் குப்பையில் கொட்டினார். வேறு சாயம் கலந்து, மறுபடியும் ஒன்றிலிருந்து நாற்பது எண்ணி, நவம்பர் 12-ல் எனக்குத் தட்டு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் போனேன், பால்காரரிடம் வலியப் பேச்சுக் கொடுத்தேன். யாரும் கவனிக்கவில்லை. இந்த முறை உண்மையாகவே கவனிக்கவில்லை. ஒருத்தராவது கவனித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டார்களா என்று இரண்டு வாரம் ஏங்கினேன். டாக்டரம்மா 1988-ல் தம்பி வீட்டோடு இருக்கத் திருவனந்தபுரம் போய்விட்டார். போகும்போது எனாமல் தட்டில் சேர்ந்திருந்த செட்டுகளை எண்ணெய் தேய்க்கிறவர்களிடமே திருப்பிக் கொடுத்தாராம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். செண்பகத்துக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. சோற்றைக் குழைய வடித்து, மோர் ஊற்றி வைத்திருந்தாள். டைரியில் தண்ணீர் 'நல்லது' என்று எழுதினேன். கடைசி வரியில் 'எல்லாரும் கவனித்தார்கள்' என்று எழுதினேன்.

1979 ஜூலை 29, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்தேன். வேறு எதுவும் செய்வதற்கு முன் அன்று மாலைக்கான அறிவிப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் குற்றாலம் போனேன். மேடையில் மைக்செட்காரர் கோணிப்பையை விரித்துப் படுத்திருந்தார். அவரை எழுப்பி, மைக்கைப் போடச் சொன்னேன். எதிரே காலி நாற்காலிகள். பல்லில்லாத வாயோடு, முதல் வரியிலிருந்து நன்றியுரை வரைக்கும் ஒரு தடவை முழுவதும் படித்தேன். சிரிக்கக் கூடாது என்று மைக்செட்காரர் எவ்வளவோ முயன்றார். ஏழு இடத்தில் முடியவில்லை. மாலையில் சிரிப்பு அடங்கும்வரை நிறுத்துவதற்காக, அந்த ஏழு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.